பட்டை மேடத்தின் வட்டம்

பட்டை மேடம் வீட்டில் பால் கெடுவதை நிறுத்தியது ஒரு கோடைகாலத்தில். அடுப்பு மேடையில் மூடாமல் வைத்த பால் மறுநாளும் பாலாகவே இருந்தது, அதற்கு மறுநாளும் பாலாகவே இருந்தது, ஒரு வாரம் கழிந்து மேலே தூசி படிந்து பூச்சி ஒன்று விழுந்து மிதந்தபோதும் அடியில் இருந்தது அன்று கறந்த பால்தான். அந்த வருடம் பால் விலை இரண்டு முறை ஏறியிருந்ததால் வீட்டில் யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டியில் மட்டும் வழக்கம்போலப் பச்சையாகப் பூசணம் பூத்தது. பூசணம் வேறு இனம், பாக்டீரியா வேறு இனம் என்பது பட்டை மேடத்துக்குத் தெரியும், அவள் படித்த படிப்பே அதுதான். தெரிந்திருந்தும் மண்டையில் உறைக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் ஆய்வாளராக இருந்தாள். துறைக் கட்டிடத்தின் பின்பக்கம், சைக்கிள் கொட்டகைக்கும் மதிற்சுவருக்கும் நடுவே, மழைக்காட்டிலிருந்து எப்போதோ யாரோ கொண்டுவந்து நட்ட மரம் ஒன்று நின்றது. செம்பழுப்புப் பட்டை, கீறினால் மஞ்சளாகப் பால் வடியும். அதன் அடியில் விழுந்த இலை மட்காது. போன வருடத்து இலை, அதற்கு முந்திய வருடத்து இலை எல்லாம் முறுமுறுவென்று அடுக்கடுக்காய்க் கிடக்கும், தோட்டக்காரர் லாரி வைத்து அள்ளினால்தான் உண்டு. மட்கவைக்கிற கிருமிகளை அந்த மரம் அண்டவிடுவதில்லை என்று அவள்தான் முதலில் சொன்னாள். அன்றிலிருந்து பட்டையை உரிப்பது, நிழலில் காயவைப்பது, இடித்துப் பொடியாக்குவது, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிப்பது, வடித்த சாற்றை வெள்ளைப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கி, நிறம் நிறமாகப் பிரிந்து வருவதைத் தனித்தனிக் குப்பியில் பிடிப்பது, இதுவே அவள் பிழைப்பாகப் போயிற்று. இடிக்கும்போது பறக்கும் தூசி முடியிலும் இமையிலும் மூக்கிலும் ஏறி, மாலையில் வீட்டுக்குப் போகிறபோது ஆள் செங்கல் சூளையிலிருந்து வந்தவள் மாதிரி இருப்பாள். பட்டை மேடம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவளோடும் அவளுக்குப் பின்னும் எத்தனையோ பேர் அதே பட்டையை இடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் இருமல் மட்டும் வந்தது.

குப்பியில் பிடித்தது கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வட்டமான கண்ணாடித் தட்டில் ஜெல்லி ஊற்றி, அதன்மேல் பாக்டீரியாவைப் பூசி, சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லைகளை அங்கங்கே வைத்து, தட்டை வெப்பப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் தட்டு முழுக்கப் பாக்டீரியா பாலாடை போலப் படர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம் விழும். கூடவே எதிலும் நனைக்காத வெறும் வில்லை ஒன்றையும் வைப்பார்கள், அதைச் சுற்றி வட்டம் விழக் கூடாது. பட்டை மேடத்தின் வட்டங்கள் மாதாமாதம் பெருத்துக்கொண்டே போயின. சாற்றை ஒரு தரம் சுத்திகரித்தால் வட்டம் சற்றுப் பெரிது, இன்னொரு தரம் சுத்திகரித்தால் இன்னும் பெரிது. சுத்தம் கூடக் கூட வலு கூடுகிறது என்று அவள் நம்பினாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பார்கள். உண்மையில் கூடியது சாற்றின் சுத்தம் அல்ல, அவள் நெஞ்சுக்குள் இறங்கிய தூசி. பிறகு ஒரு நாள் வெறும் வில்லையைச் சுற்றியும் வட்டம் விழுந்தது. இடுக்கியில் சாறு ஒட்டியிருக்கும் என்று இடுக்கியைக் கொதிக்கவைத்தாள், காகிதத்தை மாற்றினாள், மேசையைத் தேய்த்துக் கழுவினாள். வட்டம் போகவில்லை.

துறைத்தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். "அந்த வெறும் வில்லைய விட்டுட்டு மத்ததப் படம் எடுங்க மேடம். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிட்டா இருப்பாங்க?" என்றார். அவள் முடியாது என்றுவிட்டாள். கண்ணால் பார்த்த எண்ணைத் தவிர வேறொரு எண்ணை வாயால் சொல்லியோ கையால் எழுதியோ பழக்கமில்லாதவள் அவள், அதற்காகவே பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. துறைத்தலைவர் தானே படமெடுத்து, ஓரத்தை வெட்டிவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய வட்டம் விழுந்த ஒன்பதாம் குப்பியைப் பற்றிக் கட்டுரை போட்டுவிட்டார்.

வீட்டில் அதே சமயத்தில் வேறு கூத்து. அவள் கணவர் வினிகர் செய்பவர். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் மரத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். பழச்சாறு முதலில் புளித்து மதுவாகும், அது ஈஸ்டின் வேலை. பிறகு மதுவின்மேல் வழுவழுப்பாக ஓர் ஏடு படர்ந்து அதை வினிகராக்கும், அது பாக்டீரியாவின் வேலை. அந்த ஏட்டை அவர் தன் அப்பாவிடமிருந்து ஒரு ஜாடியில் வாங்கி வந்தவர், குளிர் நாட்களில் தொட்டிக்குக் கம்பளி போர்த்திவிட்டுத் தான் போர்வை இல்லாமல் தூங்குகிற ஆள். கோடை முடிவதற்குள் ஏடு ஒவ்வொரு தொட்டியாக நொய்ந்து அடியில் அமிழ்ந்தது. தொட்டி தொட்டியாக மதுதான் மிச்சம், வினிகர் ஆகவில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் வலிய வந்து காலி செய்து கொடுத்தார்கள். "ஏங்க, தொட்டியெல்லாம் சரியாக் கழுவினீங்களா?" என்று அவள் கேட்டாள். "கழுவாம என்ன, உன் ஆராய்ச்சிக்கூடத்தவிடச் சுத்தமா இருக்கு" என்றார் அவர். அதுதான் வினையே என்று இருவருக்கும் தெரியவில்லை.

மகளுக்கு அப்போது நாலு வயது. முதலில் பசி போயிற்று, பிறகு சாப்பிட்டது சாப்பிட்டபடியே வெளியே போயிற்று. கன்னம் வற்றி, கண் உள்ளே போய், பல் துலக்கினால் ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பட்டை மேடம் விடுப்புப் போட்டுவிட்டுக் கட்டிலிலேயே பழியாய்க் கிடந்தாள், குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. குழந்தை நாளுக்கு நாள் கரைந்தது. குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமி ஒன்றுகூட இல்லை, துடைத்துப் போட்ட மாதிரி இருக்கிறது, எங்கள் அனுபவத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். அவள் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தாள். அந்த மரத்துக்குத் தன் பட்டையால் ஒன்றும் ஆவதில்லை அல்லவா, அப்படித்தான்.

அந்த வாரம் துறையிலிருந்து கூட வேலை செய்கிற பெண் போன் செய்தாள். "மேடம், ஒன்பதாம் குப்பி வேலையே செய்யல. தட்டு முழுக்க மொளச்சு நிக்குது." பட்டை மேடம் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தானே தட்டுப் போட்டாள், மறுநாள் தெளிந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் போடச் சொல்லிவிட்டு வாசலில் நின்றாள், அதுவும் தெளிந்துவிட்டது. தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டு போடச் சொன்னாள், கம்பளம் மாதிரி முளைத்தது. பிறகு அவள் மருந்தும் இல்லாமல் வில்லையும் இல்லாமல் பாக்டீரியா மட்டும் பூசிய தட்டுகளை நடைவழி நெடுகப் பரப்பிவிட்டு, ஒரு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் பார்த்தால் நாற்காலியிலிருந்து மறுமுனைக் கதவு வரைக்கும் இருந்த தட்டெல்லாம் தெளிவு, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது மட்டும் முளைத்திருந்தது. அவளுக்கு முதலில் பால் ஞாபகம் வந்தது. பிறகு வினிகர். பிறகுதான் குழந்தை. அந்த வரிசையில்தான் வந்தது. குழந்தை முதலில் வரவில்லையே என்று பிற்பாடு வருடக்கணக்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகாமல் அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்தாள். "ஏங்க, குழந்தையத் தூக்கிட்டு உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க. நான் வர்றதுக்குள்ள போயிடுங்க."

"என்ன பேசற நீ?"

"நான்தாங்க காரணம். நான் பக்கத்துல இருக்கறதுதான் அவளக் கொல்லுது."

அவர், "தொட்டியுமா?" என்று கேட்டார். "தொட்டியும்தான்" என்றாள்.

தங்கை வீடு ரயிலில் அரை நாள் தூரத்தில் இருந்தது. மாதம் திரும்புவதற்குள் குழந்தை இரண்டு தட்டுச் சோறு கேட்டது. வினிகர்க்காரர் அங்கேயே ஒரு கொட்டகை பிடித்து, யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி ஏடு வாங்கித் தொழிலை மறுபடி தொடங்கினார். அவர் திரும்பி வரவில்லை, வரச்சொல்லி அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை எதுவும் கிடையாது, ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பிரியம் அப்படியே கிடந்தது, நடுவில் வட்டம் வந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு தரம் இப்படி ஆனால் குழந்தை தாங்காது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, உயிருக்கு ஆபத்தான காய்ச்சல் வந்தாலொழிய இனி மகள் பக்கத்தில் போவதில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். யாரும் கேட்டு வாங்கிய சத்தியம் அல்ல, தானாகச் செய்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கூட இருந்தால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்று பிற்பாடு தெரியவந்தபோதும் அவள் போகவில்லை. அந்தக் குச்சிக் கையும் ஈறின் ரத்தமும் அவள் கண்ணை விட்டு அகலவில்லை. பயந்துவிட்டாள், வேறொன்றும் இல்லை.

இதற்கிடையில் ஒன்பதாம் குப்பியை வாங்கிப் பரிசோதித்தவர்கள் அதில் சத்தே இல்லை என்று நாலா திசையிலிருந்தும் எழுதித் தள்ளினார்கள். துறைத்தலைவர் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார். விசாரணைக் குழு வந்தது. அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள், குழுவில் யாரும் சிரிக்கவில்லை. நடைவழியில் தட்டுகளைப் பரப்பி, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மறுநாள் டேப்பை நீட்டி அளந்து, வட்டம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். கிருமியைக் கொல்வது கூட்டுப்பொருள் அல்ல, ஊழியர், ஊழியரை ஆராய்வது இந்தத் துறையின் வேலை அல்ல என்பது அவர்கள் முடிவு. பக்கத்துக் கட்டிடம் நுண்ணுயிரியல் துறை. தாங்கள் வளர்த்ததெல்லாம் ஏன் செத்துக்கொண்டே இருந்தது என்று அவர்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. மேடத்தை எங்கேயாவது அனுப்பிவையுங்கள், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஆளுக்கென்று ஒரு பதவி இல்லாததால் திரைச்சீலைக் கண்காணிப்பாளர் என்று உத்தரவு போட்டார்கள். வேலை என்னவென்றால் உட்காருவது. தீக்காய வார்டில் கொஞ்ச நேரம், அறுவைசிகிச்சை வார்டில் கொஞ்ச நேரம், நடுவில் கூப்பிட்ட இடத்தில் கொஞ்ச நேரம். சீழ் வைத்த புண் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் காய்ந்து பொருக்குத் தட்டியது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அவள் உள்ளே நுழைந்ததும் அடங்கியது. ஒரு மணி நேரத்துக்குமேல் யார் பக்கத்திலும் வைக்க மாட்டார்கள். அரை நாள் இருந்தால் வயிறு கலங்கும், நாலைந்து நாள் இருந்தால் குடல் காலி. தலைமை நர்ஸ் பையில் ஒரு சமையலறை அலாரம் வைத்திருந்தாள். அது அடித்ததும், "மேடம், நகரலாமா?" என்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள்.

இப்படி எத்தனை பேர் பிழைத்துப் போனார்களோ, அவர்களில் ஒருவர்கூட அவளிடம் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. எல்லோரும் அவளோடு பேசிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது, அவளும்தான் பார்ப்பாள். வளாகத்தின் கோடியில், சலவைக்கூடத்தைத் தாண்டி, அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் யாரும் குடியில்லாத இடம். வேர்வை நாறுவதே கிருமியால்தான் என்பதால் அவள் துணியில் வேர்வை நாறாது, தலையணையில் தன் தலை வாசனைகூட இல்லை. மகளின் பழைய கவுன் ஒன்றை எடுத்துவந்திருந்தாள். முகத்தில் வைத்து முகர்ந்தால் வெறும் துணி வாசனைதான் வந்தது. ஒரு தெருநாய் எங்கிருந்தோ வந்து அவள் வாசலில் படுத்துக்கொண்டது, வாலாட்டியது, அவள் போகிற இடமெல்லாம் பின்னால் வந்தது. வாரக் கடைசியில் அதற்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் கல்லை எடுத்து வீசினாள். நாய் கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்ததும் இன்னொரு கல்லை வீசிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தனிமை என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. யார் வந்து ஒட்டிக்கொண்டாலும் அவர்கள் நல்லதுக்காக விரட்ட வேண்டியிருந்தது, அதுதான் அவளை அரித்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ரயில் ஏறிப் போவாள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் ஒரு முனையில் அவள் நிற்பாள், மறுமுனையில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் நிற்பாள். பிளாட்பாரம் வட்டத்தைவிட நீளம், அதற்காகவே அந்த இடம். இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொள்வார்கள். சாப்பிட்டாயா என்று இவள் கத்த, சாப்பிட்டேன், பல் விழுந்துவிட்டது என்று அவள் கத்த, எந்தப் பல் என்று இவள் கத்த, குழந்தை வாயைத் திறந்து காட்டும், அவ்வளவு தூரத்தில் பல்லா தெரியும். நடுவில் போகிற போர்ட்டர்கள் காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். போனில் பேசலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. பேசாமல் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். மகள் வளர வளர, கத்திச் சொல்ல முடியாத விஷயங்களும் வளர்ந்தன. அவை சொல்லப்படவே இல்லை.

அந்தத் தொண்டைதான் பிற்பாடு மகளுக்குச் சோறு போட்டது. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிற வேலைக்குப் போனாள். மற்றவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு திணற, இவள் வெறும் வாயால் சந்தையின் நாலு மூலைக்கும் விலை சொன்னாள். ஒலிபெருக்கிக் குழாய் தோற்றது என்று குழாய் என்றே அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அங்கேயே எடை போடுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தைப் பட்டை மேடம் தெருக்கோடியில் நிறுத்திய வேனுக்குள்ளிருந்து பார்த்தாள். மாப்பிள்ளை அவள் இருந்த திசையைப் பார்த்துத் தலை குனிந்தார், பாவம், எந்த வேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் வினிகர்க்காரரே போன் செய்தார். "உன் பொண்ணுக்குப் பிரசவம் ஆயிடுச்சு. ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. குழந்தை நல்லா இருக்கான். இவளுக்குத்தான் காய்ச்சல். கிருமி ரத்தத்துல ஏறிடுச்சாம், எந்த மருந்துக்கும் கேக்கலையாம். நீ வா."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேங்க."

"இதுக்கு இடம் விட்டுத்தான சத்தியம் பண்ண. கிளம்பி வா."

ரயிலில் பார்சல் பெட்டியில் அட்டைப் பெட்டிகளோடு உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். மகள் இருந்த ஆஸ்பத்திரியில் அந்த மாடியையே காலி செய்திருந்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு நல்ல கிருமி ஒட்டுகிற நாட்கள் அவை என்பதால் தொட்டில்களையெல்லாம் எதிர்க் கட்டிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பேரனை வினிகர்க்காரர் தெருமுனை லாட்ஜில் வைத்திருந்தார். அவள் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அவர் தெருவின் அந்தக் கோடியில் துணிச் சுருளோடு நின்றார். முடி முழுக்க வெளுத்திருந்தது. அவள் ஓரடி எடுத்துவைத்ததும் அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார், நகர்ந்ததற்கு வருத்தப்படுகிற மாதிரி சிரித்தார், பிறகு துணியை விலக்கிக் காட்டினார். சிவப்பாக ஏதோ தெரிந்தது. அவள் பார்த்துவிட்டதாகத் தலையாட்டினாள்.

அறைக்குள் நுழைந்ததும் அவள் வேறெதுவும் செய்யாமல் நேரே கட்டிலுக்குப் போய்க் குனிந்து மகளின் உச்சந்தலையை முகர்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். வேர்வையும் சிக்குமாக ஒரு வாசனை இருந்தது, அவ்வளவு கிடைத்தது. மகள் கண்ணைத் திறந்து பார்த்து, "அம்மா, வந்துட்டியா" என்று கத்தினாள். "வந்துட்டேன் கண்ணு" என்று இவளும் கத்தினாள். என்னமோ ஏதோ என்று நர்ஸ் ஓடிவந்து, இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனாள். ஆயுசு முழுக்கக் கத்தியே பேசியவர்களுக்கு மெதுவாகப் பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அப்புறம் மகள்தான் ஆரம்பித்தாள். பிளாட்பாரத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம், பன்னிரண்டு வயதில் நடந்ததை, பதினெட்டில் நடந்ததை, அத்தைக்குத் தெரியாததை, கிசுகிசுவென்று, காய்ச்சல் மயக்கத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சந்தையே அதிரக் கத்துகிறவளுக்கு இப்படி ஒரு சின்னக் குரல் இருக்கிறது என்று பெற்றவளுக்கு அன்றுதான் தெரிந்தது. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது, அதுவும் அன்றுதான் தெரிந்தது. நாலு வயதில் அது இருந்ததா என்று அவளால் எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலையில் சுத்தமாக விட்டுவிட்டது. டாக்டர் கதவோரம் நின்று, "காய்ச்சல் மறுபடி ஏறலைன்னா மத்தியானம் நீங்க கிளம்பிடணும் மேடம். இதுக்குமேல இருந்தா அவங்க வயிறு தாங்காது, உடம்புல வலுவே இல்ல" என்றார். சரி என்றாள். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் முகம் கழுவப் போய்விட்டு வந்தபோது மகள் வாயில் தெர்மாமீட்டரோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். ஸ்டூலில் இருந்த டீ தளும்பி விரிப்பெல்லாம் சிந்தியிருந்தது. பட்டை மேடம் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். நூற்றி ஆறு. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. தெர்மாமீட்டர் விரலில் சர்க்கரைப் பிசுபிசுப்பாக ஒட்டியது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட அம்மாவை ஏமாற்ற வேண்டிய வயதில், ஏமாற்ற அம்மா பக்கத்தில் இல்லாதவள், தானே ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு அதைச் செய்து பார்த்திருக்கிறாள். ஒழுங்காகச் செய்யவும் தெரியவில்லை.

கதவுக்கு வெளியே இருந்து நர்ஸ், "எவ்வளவு மேடம்?" என்று கேட்டாள்.

நூற்றி ஆறு என்றால் ஐஸ் மூட்டையோடு டாக்டர் ஓடிவருவார். காய்ச்சல் இல்லை என்றால் அடுத்த ரயில். பட்டை மேடம் தெர்மாமீட்டரைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "நூத்தி ரெண்டு" என்றாள்.

"அப்ப இன்னும் இருக்கணும்ல?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்."

மகள் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அன்று பிற்பகல் முழுக்கப் பட்டை மேடம் மகளுக்குத் தலை வாரினாள், சிக்கெடுத்தாள், வாரிய தலையைக் கலைத்து மறுபடி வாரினாள், கால் நகம் வெட்டினாள், வெட்ட நகம் தீர்ந்துபோனதும் வெறுமனே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாக மாறிய நேரத்தில் மகளின் வயிறு களக்கென்று ஒரு சத்தம் போட்டது. மகள் போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள்.

"வயிறு வலிக்குதா?"

"இல்லம்மா."

பட்டை மேடம் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்றாள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கவில்லை.

"விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு கண்ணு."

"மறுபடி வந்தா?"

"வந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்பதால் பார்க்காமல் படி இறங்கினாள்.

மறு வருடம் காய்ச்சல் வந்தது. சந்தையில் வரத்துக் குறைந்து ஏலம் மந்தமாக இருக்கிற மாதமாகப் பார்த்து வந்தது. வினிகர்க்காரர் போன் செய்து, "அவளுக்குக் காய்ச்சல்" என்றார், அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பட்டை மேடம் மத்தியானம் போய்ச் சேர்ந்து, தெர்மாமீட்டரைத் துடைத்துப் பார்த்து, நூற்றி ரெண்டு என்று சொல்லி, சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினாள். அதற்கு அடுத்த வருடமும் அதே மாதம் வந்தது. அந்த ஊர் டாக்டர் அதை வருடக் காய்ச்சல் என்றார், இப்படிச் சிலருக்கு வருவதுண்டு என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அந்த மாதத்தில் திரைச்சீலைக் கண்காணிப்பாளருக்கு விடுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவாள். பேரனுக்கு ஐந்து வயதானபோது அவனுக்கும் அதே நாளில் காய்ச்சல் கண்டது. சின்ன உடம்பு என்பதால் அவனுக்கு அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள், அந்த அரை மணி நேரமும் அவன் வாய் மூடாமல் பேசினான். அக்கம்பக்கத்தில் இதைக் கண்டு யாரும் மூக்கின்மேல் விரலை வைக்கவில்லை. அந்த வீட்டில் அந்த மாதம் காய்ச்சல் வரும், அவர்களுக்கு அது வழக்கம்.

கடைசியில் ஒரு வருடம் வினிகர்க்காரருக்கும் வந்தது. பட்டை மேடம் போனபோது அவர் வீட்டை விட்டுத் தூரத்தில் இருந்த கொட்டகையை மகள் பொறுப்பில் விட்டுவிட்டு, மேல்மாடி அறையில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். அவள் கதவு வரைக்கும் வந்து நின்றாள். இந்தத் தரம் அவர் நகரவில்லை. தெர்மாமீட்டரை வெந்நீரில் விட்டவர் அவசரத்தில் கொதிக்கிற தண்ணீரிலேயே விட்டிருக்கிறார், நுனி தெறித்துப் பாதரசம் ஒரு துளிகூட இல்லாமல் வெறும் கண்ணாடிக் குச்சியாக அவர் கையில் இருந்தது. அவள் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தாள். "நூத்தி ரெண்டு" என்றாள். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.